நடுவீட்டுச் சித்தப்பா

"புது கம்ப்யூட்டர் வேணாம்னு நான் சொல்லவே இல்ல, இப்ப வேணாம்னுதான்—"

"இப்ப வேணாம், அப்புறம் வேணாம், எப்பவும் வேணாம். எல்லாம் ஒண்ணுதான—"

"என்னை முழுசா பேச விடு!"

"விட்டா நீங்க நேரா சித்தப்பாகிட்டதான் போய் நிப்பீங்க."

"நான் எதுக்குப் போகணும்? அவருதான் நடுவீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்காரே!"

"மெதுவா. உள்ள அவ படிச்சிட்டிருக்கா."

"நீ கத்துற கத்தல்ல அவ படிச்சு கிழிச்சா."

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "நான் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க நடத்துங்க."

கணவனும் மனைவியும் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டார்கள். ஜன்னலோரம் மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் மூடவில்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதன் வயிற்றுக்கு நேராக மேஜை விசிறியை வைத்திருந்தாள் மனைவி. வீட்டு மனிதர்களுக்கு வியர்த்தால் பரவாயில்லை, அதற்கு வியர்க்கக் கூடாது. அப்படியும் அது பிரசவ வலி கண்டதுபோல முனகிக்கொண்டே இருந்தது.

சித்தப்பா என்று அவர்கள் சொன்னது ஆளை அல்ல. கடனை.

ஆளும் ஒருவன் இருந்தான். கணவரின் ஒரே தம்பி. சரக்கு வண்டி வாங்குகிறேன் என்று பேங்கில் கடன் எடுத்தபோது அண்ணன்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வண்டி ஒரு பள்ளத்தில் உருண்டது. தம்பி, போனையும் மாற்றிக்கொண்டு ஊரையும் மாற்றிக்கொண்டு போய்விட்டான். பேங்க்காரர்கள் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, கடனை அவர் பேருக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து 'தம்பி' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. சொல்லியே ஆக வேண்டுமானால், மகளைக் கைகாட்டி, "இவ சித்தப்பா" என்பார். தனக்கு ஒட்டு இல்லாத ஆளைப் போல, மரியாதையாக. "அவரு வந்தாரு, அவரு போனாரு" என்று. கூடப் பிறந்தவனுக்கு 'ரு' போட்டுப் பேசுவதைவிடப் பெரிய திட்டு வேறு என்ன இருக்கிறது? மனைவி அதற்கும் மேலே போனாள். "அவரு என்னிக்காவது வந்து நின்னா, நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்பிடியே வந்த வழியா அனுப்பிடணும்" என்றாள். அவர் தலையாட்டியிருந்தார்.

அப்போது மகள் சின்னப் பெண். கடன் என்ற சொல் அவள் காதில் விழ வேண்டாம் என்று இருவரும் நினைத்தார்கள். அதனால், "சித்தப்பாவுக்கு இந்த மாசம் ஆச்சா?" "ஆச்சு." "எப்பதான் கிளம்புவாராம்?" "அவருக்கென்ன அவசரம்?" என்று பேசிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று மகள் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தாள். பிறகு விவரம் தெரிந்து, அவளும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டாள். பொருட்காட்சிக்குப் போக வேண்டாம் என்றால், "ஏன், சித்தப்பாவுக்குக் கால் வலியா?" என்பாள். பத்து வருஷத்தில் ஆள் மறந்துபோனான். பெயர் மட்டும் மாதாமாதம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் சண்டித்தனம் செய்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி வீட்டிலிருந்தபடி ஓர் இன்ஜினியருக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். அவள் வருமானத்தில் வீடு ஓடியது, அவர் சம்பளத்தில் சித்தப்பா ஓடினார். முன்பெல்லாம் தட்டையான படங்கள். இப்போது இன்ஜினியர் அனுப்புவது சுற்றிப் பார்க்கிற மாதிரி, உள்ளே நுழைந்து பார்க்கிற மாதிரி படங்கள். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போவாள். துணி உலர்த்திவிட்டு வருவாள். அது இன்னும் திறந்துகொண்டிருக்கும். அன்று காலையில் இன்ஜினியர் போனில் சொல்லிவிட்டார்: "கோவிச்சுக்காதீங்கம்மா. மிஷினை மாத்துங்க. இல்லாட்டி சொல்லிடுங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"காதுல விழுந்துச்சா?" என்று மனைவி இப்போது மறுபடி ஆரம்பித்தாள். "வேற ஆள் பாத்துக்கறாராம். நேத்து ஒரு படிக்கட்டு போட்டேன். பாதிப் படியில நின்னுடுச்சு. நீங்க லிஃப்ட்ல மாட்டினவங்களை கதவ நெம்பி வெளிய எடுக்கறீங்க. என்னை யாரு வந்து எடுப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுக்கறதுக்குத்தான் வழி சொல்றேன், நீ கேக்க மாட்டேங்கற. கடைக்காரரைப் பாத்துட்டு வந்தேன். மிஷினோட மூளை நல்லாதான் இருக்காம். உள்ள சுத்திக்கிட்டு இருக்கே பழைய டிஸ்க், அதுதான் தகராறு. அதை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி.ன்னு சுத்தாத டிஸ்க் ஒண்ணு போட்டா எழுந்து உக்காந்துடுமாம். ஒரு மாசம் ஓட்டிப் பாக்கலாம். போதலன்னா அப்புறம் ராம் மெமரியை ஏத்திக்கலாம். ரொக்கமா குடுக்கலாம். யாருக்கும் பதில் சொல்ல வேணாம்."

"ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே கிழிஞ்சேன் நான். இந்த வீட்டுல எது முழுசா புதுசா வந்திருக்கு? குக்கர் ஒரு கடை, மூடி ஒரு கடை. பீரோ உங்க அக்கா வேணாம்னது. கட்டில் அந்த அக்காவுக்கே யாரோ வேணாம்னு குடுத்தது."

"புருஷன் புதுசாதான வந்தேன்?"

"அதுவும் பாதி லிஃப்ட்டுக்குள்ள போயிடுச்சு."

உள்ளே மகள் சிரிப்பது கேட்டது. காதில் மாட்டியிருந்தது வெறும் அலங்காரம் போலிருக்கிறது.

அவர் நாற்காலியை இழுத்து மனைவிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "இந்தா பாரு. சம்பள அரியர்ஸ் எப்ப வேணாலும் வரும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. வந்துச்சுன்னா சித்தப்பாவை ஒரேயடியா அனுப்பி வெச்சிடறேன். அவரு கிளம்பின அன்னிக்கே நீ புதுசு வாங்கு. தவணையில வாங்கு, நான் ஏன்னு கேக்க மாட்டேன். அவரு இருக்கற வீட்டுல இன்னொருத்தரைக் குடிவைக்க வேணாம். அதான் நான் சொல்றது."

"கிளம்பின அன்னிக்கே?"

"அன்னிக்கே."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறினா நீ என்னை மாத்திடு. பழசுக்குப் புதுசு."

சண்டை அங்கே முடிந்தது. டிஸ்க்குக்கான பணத்தை மனைவி கைப்பையின் உள் ஜிப்பில் தனியாக எடுத்து வைத்தாள்.

மறுவாரம், கணவர் வேலைக்குப் போய், மகள் கல்லூரிக்குப் போன பிறகு, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையைக் கோதி முடிந்து, செருப்பில் ஒரு காலை விட்ட நேரத்தில் போன் அடித்தது.

"நான்தான். கேக்குதா?"

"குழாய்க்குள்ளேருந்து பேசற மாதிரி கேக்குது."

"லிஃப்ட் குழிக்குள்ள இருக்கேன். இந்தா, ஒரு விஷயம். சித்தப்பா கதையை இன்னிக்கி முடிச்சிட்டேன்."

"என்னது?"

"முடிச்சிட்டேன்னு சொல்றேன். இனிமே நம்ம வாசப் பக்கமே வர மாட்டாரு."

அவள் செருப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். "முழுசாவா?"

"முழுசா. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அப்பிடியே மூஞ்சிக்கு நேரா சொல்லி அனுப்பிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேங்க் கவுன்ட்டரில் நின்றுகொண்டு இவர் அப்படிச் சொல்லியிருப்பதை நினைத்துப் பார்த்தாள். அங்கே இருந்தவர் என்ன நினைத்திருப்பார்! "நல்லா சொன்னீங்க போங்க! நானும் கூட இருந்திருக்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு" என்றார்.

"இருக்காதா பின்ன? பத்து வருஷமாச்சே! அப்ப அரியர்—"

"மேல கூப்பிடறாங்க. வந்து பேசறேன்."

போன் வைக்கப்பட்டது. அவள் திரும்ப அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குழிக்குள் இருக்கும்போது அவர் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது.

உட்கார்ந்துகொண்டாள். வீடு பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. இந்தச் சுவர், இந்த ஜன்னல், இந்த நாற்காலி, எல்லாமே இன்று முதல் நம்முடையது என்று தோன்றியது. மேஜைக்கடியில் அது முனகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, "உன் கதையும் முடிஞ்சது" என்றாள், சத்தமாகவே.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். அவளைக் கண்டதும் டிஸ்க் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

"சார் சொல்லிட்டுப் போனாரு. எடுத்து வெச்சிருக்கேன். மிஷினை அனுப்பி வைங்கம்மா, பழசுல இருக்கறதையெல்லாம் இதுக்கு மாத்திப் போட்டுக் குடுத்துடறேன்."

அவள் டப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக, சத்தமில்லாமல், கண்ணாடி வைத்த பக்கத்தோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரையில் ஒரு வீடு மெல்லச் சுழன்றது. கூரை, பால்கனி, படிக்கட்டு, எதுவும் எங்கும் நிற்கவில்லை.

"அது என்ன விலை?"

"அதெதுக்கும்மா உங்களுக்கு?"

"விலைதான கேட்டேன்?"

சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தவணைக்குக் குடுப்பீங்களா?"

கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "குடுப்பேன். ஆனா இதை நான் சொன்னேன்னு தவணைக் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க. உங்க மிஷினுக்கு இந்த டிஸ்க்கு போதும்மா. நெசமாவே போதும்."

"போதும்னு எனக்கும் தெரியும். போதும் போதும்னே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். கொஞ்சம் போதாம இருந்து பாக்கறேனே."

"சார்கிட்ட ஒரு வார்த்தை?"

"அவருதான் சொன்னாரு. இன்னிக்கி வாங்கிக்கோன்னு."

அவள் வாயில் அப்போது பொய் இல்லை. கிளம்பின அன்றைக்கே என்றுதானே பேச்சு.

கடைக்காரர் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். வீடு சொந்தமா, வாடகையா. வேலை எத்தனை வருஷமாக. கடைசியில், "வேற ஏதாவது கடன் ஓடுதாம்மா? தவணை, ஜாமீன், அந்த மாதிரி?"

"இல்ல" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கினாள் என்றுகூடச் சொல்லலாம். பத்து வருஷமாக எந்தக் கடையில் யார் கேட்டாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்குமோ என்று பார்த்துக்கொண்டு பதில் சொன்னவள். கடைக்காரர் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல நிமிர்ந்தார். "ஒண்ணும் இல்ல. இருந்துச்சு. இன்னியோட போயிடுச்சு" என்று இன்னொரு தரம் சொன்னாள். கையெழுத்தும் போட்டாள்.

டிஸ்க்குக்கு வைத்திருந்த பணம் முன்பணமாயிற்று. பழைய மிஷினைக் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள் என்றார். கொடுத்தாள். கடையின் வேன் மதியமே வந்தது. வந்தவர் அவளுடைய படங்களையெல்லாம் புதியதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பழையதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். விசிறி மட்டும் வேலையில்லாமல் ஒரு மூலையைப் பார்த்து நின்றது. அதை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாதியில் நின்ற படிக்கட்டைத் திறந்தாள். திறக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோகிற பழக்கத்தில் எழுந்துவிட்டாள்; அதற்குள் அது திறந்துவிட்டது. நின்றபடியே சிரித்தாள்.

மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா! இது சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"சித்தப்பா கிளம்பிட்டாருடி."

"எங்க?"

"எங்கயோ. அப்பா ஒரேயடியா அனுப்பி வெச்சிட்டாராம். ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு சொல்லிட்டாராம்."

"அப்ப அரியர்ஸ் வந்திடுச்சா? சொல்லவே இல்ல!"

"வராம எதுல அனுப்புவாரு?"

மகள் பையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். "சித்தப்பா செத்தான்!"

"ஏய், வாயைக் கழுவு."

"கடன்தானம்மா! கடனுக்கென்ன ஆயுசா?"

இருவரும் சிரித்தார்கள்.

கணவர் வரும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. வழக்கம்போல நேரே குழாயடிக்குப் போய்க் கையில் பிடித்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மற்ற நாட்களைவிட நீளமாகக் கழுவினார். வந்து உட்கார்ந்து, மனைவி நீட்டிய டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் முதுகு.

"என்ன, மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்றாள். "இன்னிக்காவது சிரிக்கக் கூடாதா?"

"சிரிக்க என்ன இருக்கு?"

"இல்லியா? பத்து வருஷம் உக்காந்து தின்னவரு ஒழிஞ்சாரு. நான் மத்தியானத்துலேருந்து சிரிச்சிட்டுதான் இருக்கேன். கேளுங்க இவளை."

"அப்பிடிச் சொல்லாத."

"ஏன் சொல்லக் கூடாது?"

"போதும், விடு. ஆளைப் பாத்திருந்தா நீ இப்பிடிப் பேச மாட்ட. எலும்பும் தோலுமா நின்னான்."

அவர் 'நின்னான்' என்றார். 'ரு' இல்லை. மனைவியின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குள் ஒன்றுமில்லை.

"யாரு?"

"யாருன்னா? காலையில சொன்னேன்ல. சித்தப்பா."

மகள் காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"நான் குழியில நட்டு முடுக்கிட்டிருந்தேன்" என்றார் அவர், டீயைப் பார்த்துக்கொண்டே. "மேலேருந்து 'அண்ணா'ன்னு ஒரு குரல். அந்த பில்டிங்ல என்னை யாரு அண்ணான்னு கூப்பிடப் போறா? நிமிந்து பாத்தா செருப்பு மட்டும் தெரியுது. பின்பக்கம் தேஞ்சு, ஒரு வார் பிஞ்சு ஊக்கு போட்டிருந்துச்சு. குனிஞ்சு எட்டிப் பாத்தான். அவன்தான். எங்க ஆபீஸ்ல விசாரிச்சு வந்திருக்கான்."

"எதுக்கு வந்தாரு?" என்றாள் மனைவி.

"ஒரு குளிர்பதனக் கிடங்குல வண்டி ஓட்டறானாம். வேலை நிலையாயிடுச்சாம். பேங்க்ல போய்க் கேட்டுட்டு வந்திருக்கான். நான் வந்து ஒரு கையெழுத்துப் போட்டா மீதியை அவன் பேருக்கு மாத்திடுவாங்களாம். 'அடுத்த மாசத்துலேருந்து நான் கட்டறேன் அண்ணா, நீ கட்டினதையும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிடறேன், அண்ணிகிட்ட சொல்லு'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதான் சொன்னேனே போன்ல. உன் காசும் வேணாம் நீயும் வேணாம், ஒட்டும் இல்ல உறவும் இல்ல, என் வாசப் பக்கம் வராதேன்னேன். கொஞ்ச நேரம் அங்கயே நின்னான். செருப்பு நகரவே இல்ல. அப்புறம் போயிடுச்சு." டீயைக் கீழே வைத்தார். "நான் குழியை விட்டு மேல ஏறக்கூட இல்ல. கீழ நின்னுக்கிட்டே சொன்னேன். நீ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன்னு உடனே உனக்குப் போன் பண்ணேன். நீயும் சிரிச்ச. நல்லா சொன்னீங்கன்ன. சரி, நாம செஞ்சது சரிதான் போலன்னு நெனச்சேன்."

மனைவி மேஜை முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாற்காலியைப் பார்க்கத்தான் அவர் திரும்பினார். அப்போதுதான் மேஜை மேல் இருந்ததைப் பார்த்தார். திரையில் படிக்கட்டு முழுதாக நின்றது.

"இது என்ன?"

குனிந்து, காலியாகக் கிடந்த மேஜைக்கடியைப் பார்த்தார்.

"டிஸ்க்கு மாத்திட்டு வந்தது இல்ல இது. வேற மிஷின்."

"கிளம்பின அன்னிக்கே வாங்கிக்கன்னு நீங்கதான—"

"யாரு கிளம்பினது?"

"சித்தப்பான்னீங்க!"

"சித்தப்பாவைத்தான் சொன்னேன்!"

"நான் சித்தப்பாவை நெனைக்கவே இல்லியே, சித்தப்பாவைத்தான நெனச்சேன்!"

மகளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்கு மேலே கண் கலங்கியிருந்தது.

"அரியர்ஸ்?" என்றாள் மனைவி.

"அடுத்த வருஷமாம். இன்னிக்கிதான் ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க." அவர் எழுந்து மேஜையருகே போனார். தொடவில்லை. "ரொக்கமா?"

"தவணை."

"அந்த டிஸ்க்கு காசு?"

"முன்பணம்."

"பழசு எங்க?"

"குடுத்துட்டேன். கழிச்சிக்கிட்டாங்க."

அவள் போனை எடுத்துக் கடைக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் கடைக்காரரின் குரல் கேட்டது. "ஐயோ, அதை வந்த உடனேயே பிரிச்சிட்டோமேம்மா. உங்க மிஷினோட மதர்போர்டு இப்ப வேறொருத்தர் மிஷினுக்குள்ள ஓடிட்டிருக்கு. ஏன், புதுசுல ஏதாவது கோளாறா?"

"கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லா ஓடுது."

"திருப்பிக் குடுத்தீங்கன்னா முன்பணம் வராதும்மா. நான்தான் அப்பவே சொன்னேன். வேற கடன் ஒண்ணும் இல்லன்னீங்க..."

"ஆமா. சொன்னேன்." வைத்துவிட்டாள்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்கு அவளும் கத்தியிருப்பாள். குக்கர், மூடி, பீரோ எல்லாம் வந்திருக்கும். அது அவர்களுக்குப் பழக்கமான வழி. அவர் கத்தவில்லை. தலையைக் குனிந்து, கழுவின கையையே மறுபடி சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கலாம் நீ" என்றார், மெதுவாக.

"பொறுத்திருக்கலாம். இத்தனை வருஷம் பொறுத்தவதான. இன்னிக்கி ஒரு பொழுது பொறுக்க முடியல."

"நானும் பேரைச் சொல்லியிருக்கலாம். தம்பி வந்தான்னு சொல்லியிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்கும்."

"சொல்லியிருக்கலாம்."

"வாயில வரலை."

மகள் இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். "நான் சாயங்காலத்துல எங்கயாவது பார்ட் டைம் போறேம்பா. ரெண்டு தவணையும்—"

"நீ உன் படிப்பைப் பாரு."

"நான் கூடுதலா படம் போடறேன்" என்றாள் மனைவி. "இது வேகமாதான ஓடுது. இன்ஜினியர்கிட்ட கேட்டு இன்னும் ரெண்டு வீடு வாங்கிப் போடறேன். கட்டிடலாம். முதல்ல பேங்க், அப்புறம் இது. வேற எதுவும் வேணாம். எனக்கு ஒண்ணும் வேணாம் இனிமே."

"கட்டிடலாம்" என்றார் அவரும். கட்ட முடியாது என்று அவர் சொல்லவில்லை. கட்டுகிறவர்கள்தான் அவர்கள். கட்டிக் கட்டிப் பழகினவர்கள். கட்ட வேண்டியில்லாத ஒரு காலம் அன்றைக்கு லிஃப்ட் குழியின் விளிம்பு வரைக்கும் வந்து, குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். புதிய மிஷின் பேருக்கும் சத்தம் போடவில்லை. அது முனகியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

"மெலிஞ்சா போயிட்டாரு?" என்றாள்.

"ம்."

"முன்னாடியே ஒல்லிதான."

"இப்ப கன்னம் ஒட்டிப்போச்சு. தலையும் நரைச்சிடுச்சு, என்னைவிட."

"அண்ணிகிட்ட சொல்லுன்னாரா?"

"ரெண்டு தரம் சொன்னான்."

"நான் அன்னிக்கி கோவத்துல சொன்னது. வந்தா அனுப்பிடணும்னு. நீங்க அதையெல்லாம் இவ்வளவு நாள் ஞாபகம் வெச்சிருப்பீங்கன்னு..."

"நீ சொன்னதாலதான் அனுப்பினேன்னு சொல்ல மாட்டேன். எனக்கும் சொல்லணும்போல இருந்துச்சு. சொல்லி முடிச்சப்புறம்தான்..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"தேடிப் போய்க் கூட்டிட்டு வரலாம்" என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். "எதுக்கு? தவணை கட்டவா?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. மகள் தரையிலிருந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கோ வெச்சுக்கங்க" என்றாள் கடைசியில். "எங்க தங்கியிருக்காருன்னாவது கேட்டீங்களா?"